எழுபத்தொரு சதவீதத்தில் அணையும் குரல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் அத்தான். வேண்டாம் என்றவள் அக்கா. இருவரும் ஒரே நாளில், ஒரே வீட்டில், பத்தடி இடைவெளியில் சொன்னார்கள். அத்தான் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எழுதித்தான் தீருவேன் என்றால் தன்னைக் கொஞ்சம் ஒல்லியாக எழுதும்படி கேட்டுக்கொண்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கும் அல்லவா, நீங்கள் படிக்காமல் டிராயரில் போட்டுவிடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். அதன் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தியில் ஓர் அட்டவணை இருக்கும். கோளாறு, காரணம், செய்ய வேண்டியது. பதினாறு வருடமாக எதைப் பார்த்தாலும் எனக்கு மூன்று பத்தியாகத்தான் தெரிகிறது. எனவே இந்தக் கதையின் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

கோளாறு: புதிதாக மாற்றிய லேப்டாப் பேட்டரியில் மின்சாரம் நிற்பதில்லை.
காரணம்:

[இரண்டாவது பத்தி ஒரு வாரம் காலியாகவே கிடந்தது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: "பனி விலகாத ஒரு காலையில், நீச்சல் குளத்துக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில், ஒரு வெள்ளைக் கார் எஞ்சின் ஓடாமல் நின்றிருந்தது. அதற்குள் மூன்று பேர்"

இது பரவாயில்லை. ஆனால் அந்த மூன்று பேர் யார் என்று தெரியாமல் உங்களைப் பனியில் நிற்கவைப்பது நியாயமில்லை. எனவே மூன்றாவது தொடக்கம்.

2

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருடம் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தே சம்பாதித்தார். அவருடைய காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஆனால் அவற்றை அவர் மிதித்தது அபூர்வம். குரலாலேயே காரை நிறுத்துவார். எதிரே லாரி வந்தாலும் "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பிரேக்க மிதிங்க" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் லாரிக்கும் அவசரம் போய்விடும் என்று அவரிடம் கற்றவர்கள் சொல்வார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பு பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் யோசனை சொன்னார். குரல் இருக்கும்போதே அடிக்கடி பேசும் வாக்கியங்களைப் பதிவு செய்துவைத்தால், பிற்பாடு கணினியில் தட்டச்சு செய்யச் செய்ய அது அவருடைய குரலிலேயே ஒட்டவைத்துப் பேசும். அத்தான் இரண்டு நாள் உட்கார்ந்து அறுநூற்று நாற்பது வாக்கியங்கள் பேசினார். கையில் பட்டியல் கொடுத்திருந்தார்கள். ஆனால் பழக்கம் விடுமா? பாதி வாக்கியங்கள் "கண்ணாடியப் பாருங்க", "ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்காதீங்க", "இண்டிகேட்டரப் போடுங்க" என்று போய்விட்டன. உப்பு என்ற சொல் எங்கும் இல்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் இயந்திரம் எங்கிருந்தோ ஒரு 'உ'வையும் ஒரு 'ப்பு'வையும் பிடித்து இழுத்துவந்து சேர்க்கும்.

அந்த மென்பொருளைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. குரல் அந்த ஒரே லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்க நான் செய்த முயற்சிகள் ஒன்றும் பலிக்கவில்லை.

அக்கா குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். நாளெல்லாம் தண்ணீருக்கு மேல் கத்துகிற வேலை. வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியில் குளத்து மருந்தின் வாடை இருக்கும். (ஒல்லியாகத்தான் இருக்கிறாள்.) அவளுக்கு அந்த லேப்டாப் குரல் பிடிக்கவில்லை. சிலேட்டில் எழுதினால் பதில் சொல்வாள். லேப்டாப்பில் பேசினால் வேறு அறைக்குப் போய்விடுவாள். காரணத்தை ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"பதிவு பண்ணினதெல்லாம் கார் கத்துக்க வர்றவங்ககிட்டப் பேசற பேச்சு. அதனால என்னையும் நீங்க நீங்கன்னுது. இருபத்திரண்டு வருஷமா நீன்னு* கூப்பிட்ட மனுஷன்டா. வீட்டுல யாரோ விருந்தாளி வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

* 'நீ' என்ற ஓர் எழுத்தை மட்டும் அந்த மென்பொருளால் தனியாக உச்சரிக்க முடியவில்லை. முயன்றால் அது 'நீங்'கில் வந்து விக்கி நிற்கும். அதற்கும் என் அட்டவணையில் பத்தி இல்லை.

3

பழைய பேட்டரி வயிறு உப்பி, கீபோர்டையே மேலே தள்ள ஆரம்பித்தது. எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன். நூறு சதவீதம் என்று காட்டியது. ஒயரைக் கழற்றினோம். தொண்ணூற்றேழு, தொண்ணூறு, எண்பத்திரண்டு என்று ஒழுங்காக இறங்கியது. எழுபத்தொன்றுக்கு வந்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்தது. பதினொரு நிமிடம். திரும்ப ஒயரைச் செருகினால் ஒன்றுமே நடக்காதது போல எழுபது என்று காட்டிவிட்டு மேலே ஏறத் தொடங்கும்.

செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தேன். விற்றவரிடம் போனில் கேட்டேன், அணைத்துவைத்துப் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பதினொரு நிமிடம். பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை விரட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். பதினொன்று. கணினியின் பட்டியலிலிருந்து பேட்டரியின் பதிவையே நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். பன்னிரண்டு. அன்றைக்கு அத்தான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் மறுபடி பதினொன்று. பேட்டரியின் உடல்நிலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதன்படி அது நேற்றுப் பிறந்த குழந்தை, ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒரு வழி இருந்தது. முழுக்க ஏற்றுவது, தானாக அணையும்வரை ஓடவிடுவது, மறுபடி ஏற்றுவது. இப்படிப் பலமுறை செய்தால் பேட்டரியின் அளவுமானி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும் என்று நானே நான்கு கையேடுகளில் எழுதியிருக்கிறேன்.

அத்தான் அதைக் கடைசிவரை கேட்டார். பிறகு சிலேட்டை எடுத்து, தினமும் பதினொரு நிமிடம் சும்மா ஓடவிடுவதற்குப் பதிலாக அதைக் காரில் வைத்து ஓடவிடலாமே என்று எழுதினார். அதற்குக் கீழே: "உங்க அக்காவுக்குக் கத்துக்குடுக்கறேன்."

[காரிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். காருக்கு வயது பதினேழு. முதல் முயற்சியிலேயே பியூஸ் போய், ஹாரனும் சேர்ந்து ஊமையானது. அத்தானுக்கு அதில் ஒரு சந்தோஷம். "கூட்டாளி" என்று எழுதினார்.]

4

அக்கா மாட்டேன் என்றாள். அவர் கல்யாணமான வருடத்திலிருந்து கேட்கிறார், அவளும் அன்றிலிருந்து மாட்டேன் என்கிறாள். ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் வீட்டில் ஒருத்தி மட்டும் பஸ்ஸில் போகிறாள் என்பது உறவுக்குள் பழைய வேடிக்கை.

"எனக்கெதுக்குங்க கார்? நீங்க இருக்கீங்களே."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பற்றி நான் எழுதிய நான்கு வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். எல்லாமே அதிகம். அவள் கையில் ஈரத் துண்டு ஒன்று இருந்தது, அதை மறுபடி மறுபடி மடித்தாள் என்பது மட்டும் போதும்.

பிறகு நான்தான் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னேன். ஓட்டவேகூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அது தீர்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். சொன்னேன்.

"பதினோரு நிமிஷம்னா சரி" என்றாள்.

5

இப்போது அந்தப் பனிக் காலைக்குப் போகலாம்.

குளத்தில் முதல் வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. குளத்தின் வெந்நீரிலிருந்து ஆவி எழுந்து மதிலுக்கு மேலாக வந்து மைதானத்துப் பனியோடு கலந்தது. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காரின் கண்ணாடிகள் வெளுத்திருந்தன. உள்ளே உட்கார்ந்ததும் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பது போல இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அக்கா. அருகில் மடியில் லேப்டாப்போடு அத்தான். பின்னால், நோட்டும் பேனாவும் சிலேட்டுமாக நான். நிமிடத்துக்கு ஒரு முறை சதவீதத்தைக் குறிப்பது என் வேலை.

அத்தான் தட்டினார். குரல் வந்தது. அவர் உதடு அசையவில்லை, அவர் எதிரே வெள்ளைக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருட இளமையான ஒரு குரல், பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து வருவது போல, "வணக்கம். நல்லா வசதியா உக்காருங்க" என்றது.

அக்கா சிரித்துவிட்டாள்.

"இங்க 'நீங்க' பரவாயில்ல" என்றாள். "வாத்தியார்தானே."

அன்று இருக்கையை நகர்த்துவது, கண்ணாடிகளைத் திருப்புவது, அவ்வளவுதான் முடிந்தது. இரண்டாம் நாள் சாவி, கியர். மூன்றாம் நாள் "இப்ப கிளட்ச்ச முழுசா மிதிச்சுக்கிட்டு மெதுவா" என்றபோது குரல் அணைந்தது. மெதுவாக என்ன செய்வது என்று தெரியாமல் அக்கா கிளட்ச்சை மிதித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கையால் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மூன்று பேரும் எதற்கோ காத்திருப்பவர்களைப் போல அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

அக்கா இந்தப் பதினொரு நிமிடங்களுக்குப் பழகிக்கொண்டாள். ஒரு மணி நேரப் பாடமாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே கோபித்துக்கொண்டு இறங்கியிருப்பாள்.

ஏழாம் நாள். இந்த இடத்தை நான் ஐந்து முறை எழுதிவிட்டேன். நடந்தது இதுதான்.

எண்பத்தொன்பது சதவீதம். கார் முதல் கியரில், நின்ற இடத்தில், உறுமிக்கொண்டிருந்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் நகரும் என்ற நிலை. அக்கா எடுக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குங்க இப்ப இவ்வளவு அவசரமா கத்துக்குடுக்கறீங்க?"

(உங்களுக்கு ஒன்று சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த பரிசோதனையில் டாக்டர் ஸ்கேன் படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார். அந்த அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். வெளியே வந்ததும் லிஃப்ட்டைப் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.)

அத்தான் தட்டத் தொடங்கினார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி தட்டினார். நான் சதவீதத்தைப் பார்த்தேன். எண்பது. எழுபத்தாறு. எழுபத்திரண்டு. அவர் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு வேளை நான்" என்றது குரல்.

திரை கறுத்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிலேட்டு என் மடியில் இருந்தது. கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

[முதல் பிரதியில் கொடுத்தேன். அதில் அவர் ஒரு வரி எழுதுகிறார், அக்கா அழுகிறாள். நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டாம் பிரதியில் சிலேட்டு வீட்டிலேயே மறந்துபோகிறது. அது எனக்குச் சாதகமான பிரதி. மூன்றாவதில் நான் தீர யோசித்துக் கொடுக்காமலிருக்கிறேன், பெரிய மனிதனைப் போல. அதுவும் பொய். எனக்குப் பயமாக இருந்தது. மிச்ச வாக்கியத்தைப் படிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேனே என்று.]

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கிளட்ச்சிலிருந்து காலை மெதுவாக எடுத்தாள். ஒரு குலுக்கல், பிறகு கார் நகர்ந்தது. யாரும் சொல்லித்தராமல், வெள்ளையாக இருந்த ஒன்றுக்குள், நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டே இருந்தாள். மதில் ஓரம் வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்தாள். அத்தானின் கால் அவருடைய பிரேக்குக்கு மேலே காத்திருந்ததைப் பார்த்தேன். அது கடைசிவரை கீழே இறங்கவில்லை. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி இறங்கிப் போனாள். பனிக்குள் அவள் முதுகு மறைந்தபிறகு குளத்துப் பக்கமிருந்து விசில் கேட்டது.

6

லென்ஸ் மேடத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதுதான் என் பிரச்சினை.

கடைத்தெருவின் கடைசியில், தையற்கடைக்கு மாடியில் கணினி பழுதுபார்க்கும் அம்மாள் அவர். நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தூக்கிவிடப்பட்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதலில் அவரைக் கருணையே உருவாக எழுதினேன், கதையில் கோளாறைக் கண்டுபிடிக்கிறவர் நல்லவராக இருந்தால் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று. ஆனால் அவர் நல்ல வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை. நான் செய்த வைத்தியங்களை வரிசையாகச் சொன்னதும், மின்சாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் முதலில் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

பேட்டரியின் ஓரத்தில் ஸ்டிக்கரைக் கொஞ்சம் தூக்கி, மீட்டரின் இரண்டு ஊசிகளால் இங்கும் அங்கும் தொட்டார். பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள ரெண்டு ரெண்டா மூணு ஜோடி செல். ரெண்டு ஜோடி நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு ஜோடி பழசு, புது உறை போட்டு வித்திருக்கான். இது சட்டுன்னு இறங்கிடுது. இறங்கினதும் பாதுகாப்புக்காக மொத்தத்தையும் நிறுத்திடும். மத்த ரெண்டுலயும் நிறைய மிச்சம் இருக்கும், ஆனா எடுக்க முடியாது."

அப்படியானால் அறிக்கையில் ஏன் நூறு என்று காட்டியது என்று கேட்டேன். அதற்குச் சொல்லித்தந்ததை அது சொல்கிறது என்றார். பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்றதற்கு, தீப்பிடித்தால் நான் அணைக்க வருவேனா என்று கேட்டார். திருப்பி அனுப்பச் சொன்னார். நல்லதை எங்கே வாங்குவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். வந்து சேர மூன்று வாரமாகும்.

படியிறங்கும்போது அந்த அட்டவணை நினைவுக்கு வந்தது. இரண்டாவது பத்தி நிரம்பிவிட்டது. காரணம்: ஒரு ஜோடி பழைய செல். இவ்வளவுதானா என்றிருந்தது. தையற்கடையில் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடி, ஒரே நேரத்தில் நின்றன.

7

புது பேட்டரி வருகிற வரைக்கும் பழைய கோளாறோடேயே பாடம் நடந்தது. பதினொரு நிமிடம் குரல், அதற்குப் பிறகு குரலில்லாமல் அரை மணி நேரம் என்று ஆனது. அக்கா மைதானத்தை விட்டுக் குளத்துச் சாலைக்கு வந்தாள், அங்கிருந்து கடைத்தெருவுக்கு. ஒரு நாள் நான்கு சாலைகள் சேருமிடத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எங்களிடம் திருப்பி அடிக்க ஹாரன் இல்லை. அக்கா ஜன்னலை இறக்கி, குளத்தில் கத்துகிற குரலில், "கத்துக்கறேன், பொறுங்க" என்றாள். தெருவே அடங்கியது. அத்தான் தோள்கள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சத்தமில்லை என்பதை அன்று நான் மறந்திருந்தேன்.

நல்ல பேட்டரி வந்தது. மூன்றரை மணி நேரம் நின்றது. நூறிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, எழுபத்தொன்றைச் சாதாரணமாகக் கடந்து, எழுபது என்று காட்டியபோது நான் அத்தானைப் பார்த்தேன். அன்றைக்கு அணைந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன என்று கேட்டேன். மறந்துவிட்டது என்று சிலேட்டில் எழுதினார். எழுதிவிட்டு உடனே துடைத்தார்.

அக்கா அவரிடம் அதைக் கேட்டாளா, அவர் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஒரே ஒரு மாற்றம் மட்டும் தெரிந்தது. அவள் இப்போதெல்லாம் லேப்டாப் பேசினால் எழுந்து போவதில்லை. அது நீங்க என்று தொடங்கினால், "சொல்லுங்க சார்" என்கிறாள்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் அத்தான் மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போகிறார், காரின் மேல் பழைய டிரைவிங் ஸ்கூல் பலகை ஏறுகிறது. இது கையேட்டு முடிவு. இரண்டாவதில், மைதானத்துப் பனியில் கார் போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒருவர்தான் இருக்கிறார். இதை எழுதிய அன்று அக்கா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாவது முடிவு

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முடிந்து பரிசோதனை நாள் வந்தது. காலையில் வழக்கம்போல நானும் வருவதாகச் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றாள், பின் இருக்கையில் ஆள் இருந்தால் கண்ணாடியில் தெரிகிறதாம், கவனம் சிதறுகிறதாம். அவள் ஓட்டுநர் பக்கம் ஏறினாள். அத்தான் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். தெருமுனையில் இண்டிகேட்டர் மூன்று முறை துடித்தது. திரும்பிவிட்டார்கள்.

நான் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, அந்தப் பதினொரு நிமிடப் பேட்டரியைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"வந்துட்டோம்டா. நிறுத்திட்டேன்" என்றாள். "பின்னாடியே எடுத்து, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. நேரா. அவர் ஒண்ணுமே சொல்லல."

நேரமாகவில்லையா, உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். பின்னணியில் அந்த இளமையான குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. அக்கா அதற்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இருக்கு இன்னும். கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கோம்."

அன்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறேன், இரண்டு விதமாக, இரண்டு தாள்களில். ஒன்று உண்மை. இரண்டையும் இங்கே சேர்க்கப்போவதில்லை. அது அக்கா கேட்டுக்கொண்டதாலும்தான், எனக்கு மனம் வராததாலும்தான். கார் அங்கேயே, இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறது. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மூன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. எப்போது இறங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.